ஆளும் சாமானும்

பரமக்குடி ஸ்டேஷனில் விடியற்காலை வண்டிக்குக் காத்திருப்பது எனக்குப் பிடித்த காரியங்களில் ஒன்று. வைகையில் தண்ணீர் ஓடுகிறதோ இல்லையோ, ஆற்று மணலின் குளிர்ச்சி மட்டும் அந்த நேரத்தில் ஊருக்குள் வந்துவிடும். மிளகாய்ப் பருவமானால் அந்தக் குளிர்ச்சியோடு சிறிது காரமும் கலந்திருக்கும். டீ குடித்துவிட்டுக் கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றால், ராமேசுவரத்துப் பக்கமிருந்து வண்டியின் விளக்கு முதலில் தெரியும். சத்தம் பிறகுதான் வரும்.

ஆனால் நான் சொல்லப்போகிற அந்த நாளில் எனக்கு இந்த ரசனையெல்லாம் ஓடவில்லை. என்னோடு ஒரு நண்பர் இருந்தார். ஆற்றுக்கு அக்கரையில் எமனேசுவரத்துக்காரர். சௌராஷ்டிர நெசவுக் குடும்பம். சேலைக் கரைக்கு டிசைன் போடுவதில் அவர் கைக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு விபத்தில் முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான் அவருக்குக் கால். மாதம் ஒரு தடவை மதுரைக்குப் போய் டாக்டரைப் பார்த்து வரவேண்டும். பஸ்ஸில் முடியாது. கார் வைத்தால் ஒரு சேலைக்குக் கிடைக்கிற கூலி அதிலேயே போய்விடும். ஆகவே ரயில். தூரம் 80 கிலோமீட்டருக்கும் குறைவு.

வழக்கமாக அவருடன் போகிற தம்பிக்கு அன்று காய்ச்சல். அதனால் நான் போனேன். வண்டி வந்து நின்றது. நான், ஒரு டீக்கடைப் பையன், முகம் தெரியாத இரண்டு பிரயாணிகள், நான்கு பேருமாகச் சேர்ந்து நாற்காலியோடு அவரைத் தூக்கினோம். ஒருவர் "முன்னால சாய்" என்றார். இன்னொருவர் "பின்னால சாய்" என்றார். யாருடைய கை எங்கே பட்டது என்று எங்களுக்குத் தெரியாது, அவருக்குத் தெரிந்திருக்கும். கதவுக்கு உள்ளே போனதும் நாங்கள் எல்லோரும் ஒரு பெரிய காரியத்தைச் சாதித்துவிட்டதைப் போல் மூச்சு வாங்கினோம். நண்பர் சட்டையைச் சரிப்படுத்திக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னண்ணே, சாமான் ஏறிருச்சா?" என்றார்.

வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் அந்தச் சொல் மதுரை வரையில் என்னை விடவில்லை. பிறகு சில மாதங்கள், கிடைத்த புத்தகங்களையும் சட்டங்களையும் புரட்டிப் பார்த்தபோது, அவர் வேடிக்கையாகச் சொன்னது ஒரு சரித்திர உண்மை என்று எனக்குப் பட்டது. "எழுதுங்க, பேரை மட்டும் போடாதீங்க" என்று அவர் சொன்னதன் பேரில் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் சேதுச் சாலையில் இருக்கிற ஊர். ரயில் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே காசியிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் ஜனங்கள் இந்த வழியாக ராமேசுவரத்துக்கு நடந்திருக்கிறார்கள். அவர்களுக்காகச் சேதுபதிகள் வழி நெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். நடக்க முடிந்தவன் நடந்தான். முடியாதவனை டோலியில் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு பேர், ஒரு கம்பு, ஒரு தொட்டில். குருடன் தோளில் முடவன் ஏறிக்கொண்டு வழி சொன்ன கதையை நாமெல்லோரும் சிறு வயதில் கேட்டிருக்கிறோம். அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு: தூக்குகிறவனுக்குப் போகிற வழி தெரியாது, தூக்கப்படுகிறவன்தான் சொல்லவேண்டும். அதனால் அங்கே உபகாரம் செய்கிறவன், வாங்குகிறவன் என்ற பேதம் இல்லை.

தூக்கிச் செல்லப்படுவது அவமானம் என்று நம் நாட்டில் யாரும் பொதுவாக நினைத்ததில்லை. ராஜா பல்லக்கில் போனார். சுவாமி பல்லக்கில் போகிறது. 1897-ம் வருஷம் ஜனவரி மாதம் விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து திரும்பிப் பாம்பனில் இறங்கியபோது, குதிரைகளை அவிழ்த்துவிட்டு ஜனங்களே அவருடைய வண்டியை இழுத்தார்கள். பாஸ்கர சேதுபதி மகாராஜாவும் கூட நின்று இழுத்தார். ராமநாதபுரத்திலிருந்து பரமக்குடி, மானாமதுரை வழியாக மதுரைக்குப் போனார் சுவாமிகள். பரமக்குடியிலும் ஒரு வரவேற்புப் பத்திரம் படித்துக் கொடுத்தார்கள். அவரும் பதில் சொல்லிப் பேசினார். அப்போது இந்தச் சீமையில் ரயில் கிடையாது.

ஆக, தூக்குவதிலோ இழுப்பதிலோ குற்றம் இல்லை. பல்லக்கில் இருப்பவன் "இறக்கு" என்றால் இறக்குவார்கள், "நில்" என்றால் நிற்பார்கள். டோலியில் கிடக்கும் ஏழை முடவனைத் தூக்குகிறவர்களோ, தங்களுக்கு எங்கே தோள் வலிக்கிறதோ அங்கே இறக்குவார்கள். இரண்டு பேரையும் மனிதர்கள்தான் தூக்குகிறார்கள். யார் உத்தரவு கொடுப்பது என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. ரயிலுக்கு வரும்போது இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.

1902-ல் மதுரையிலிருந்து மண்டபம் வரையில் மீட்டர் கேஜ் பாதை போட்டுத் திறந்தார்கள். தென்னிந்திய ரயில்வேக் கம்பெனியின் வேலை. அப்போதுதான் பரமக்குடிக்கும் ஸ்டேஷன் வந்தது. ரயில் செய்த சமத்துவப் புரட்சியைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. மூன்றாம் வகுப்பில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்று கேட்க முடியவில்லை. டிக்கெட் வாங்கியவன் ஏறினான். வாஸ்தவம். ஆனால் "ஏறினான்" என்கிறோமே, அந்த வினைச்சொல்லை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. ரயில் என்பது ஏறவேண்டிய ஒன்று. டோலி தரையில் இருந்தது. மாட்டுவண்டியின் பின்பக்கத்தைத் தாழ்த்திக்கொள்ளலாம். ரயிலோ சக்கரங்களுக்கும் வில்லுகளுக்கும் மேலே தளம் போட்டுக்கொண்டு, செங்குத்தாக இரண்டு மூன்று இரும்புப் படிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தது. கிழவிகளை மேலேயிருந்து இருவர் கைபிடித்து இழுப்பதும் கீழேயிருந்து ஒருவர் தள்ளுவதும் மீட்டர் கேஜ் காலத்தில் எல்லா ஸ்டேஷனிலும் பார்க்கக்கூடிய காட்சி. சிறுவனாக இருந்தபோது நானும் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

அதே ரயில்வேயின் சாமர்த்தியத்தையும் சொல்லத்தான் வேண்டும். 1914 பிப்ரவரியில் பாம்பன் கடல்மேல் பாலம் திறந்தார்கள். நடுவில் ஷெர்ஸர் என்ற அமெரிக்க எஞ்சினீயரின் முறைப்படி இரண்டு இரும்புக் கைகள். கப்பல் வந்தால் ஆட்கள் நின்று நெம்புகோலைச் சுற்றுவார்கள், இரண்டு கைகளும் கும்பிடுவதுபோல மேலே எழும்பும், கப்பல் போய்விடும், கைகள் தாழும், ரயில் போகும். போட் மெயிலில் சென்னையில் ஏறிய ஆள் எங்கள் ஊர் வழியாகத் தனுஷ்கோடிக்குப் போய், கப்பல் மாறித் தலைமன்னாரில் இறங்கினார். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை விழுங்கியபோது பாம்பன் பாலத்தையும் சிதைத்துவிட்டது. ஸ்ரீதரன் என்ற இளம் எஞ்சினீயரின் பொறுப்பில் 46 நாட்களில் மறுபடியும் வண்டியை ஓட்டிக் காட்டினார்கள். மனது வைத்தால் இந்த இலாகாவினால் என்ன செய்ய முடியாது!

சக்கர நாற்காலியின் கதை வேறு தண்டவாளத்தில் வந்தது. 1655-ல் ஜெர்மனியில் நூரன்பெர்க் நகரத்துக்கு அருகில் ஸ்டீபன் ஃபார்ஃப்ளர் என்ற கடிகாரக்காரர், தாம் நடக்க முடியாதவராதலால், கையால் சுற்றி ஓட்டிக்கொள்ளும்படி ஒரு மூன்று சக்கர வண்டி செய்துகொண்டார். யாரும் தள்ளவேண்டாம் என்று ஆசைப்பட்ட ஒருவர்தான் முதலில் அப்படி ஒன்றைச் செய்தார் என்பதைக் கவனிக்கவேண்டும். பிறகு கனவான்களை வேலைக்காரர்கள் தள்ளிச் செல்லும் நாற்காலிகள் வந்தன. நாம் இன்று பார்க்கிற மடக்கு நாற்காலி 1933-ல் அமெரிக்காவில் பிறந்தது. எவரெஸ்ட் என்பவர் சுரங்க விபத்தில் முதுகு முறிந்தவர். அவருடைய நண்பர் ஜென்னிங்ஸ் எஞ்சினீயர். மோட்டார் காரில் எடுத்துப்போகத் தோதாகக் குறுக்குச் சட்டம் வைத்து மடியும் நாற்காலியைச் செய்து, கம்பெனியும் ஆரம்பித்தார்கள். நாற்காலி ரயிலை நோக்கி ஓரடி வந்தது; காருக்காக மடிந்துகொண்டது. ரயில் நாற்காலியை நோக்கி ஓரடி வரவில்லை.

தமிழ்நாட்டில் சக்கர நாற்காலியில் அமர்ந்து ஊரறிய வேலை பார்த்தவர்களில் முதலில் நினைவுக்கு வருகிறவர் டாக்டர் மேரி வர்கீஸ். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இளம் டாக்டராக இருந்தபோது 1954-ல் கார் விபத்தில் கால்கள் இரண்டும் செயலற்றுப் போயின. டாக்டர் பால் பிராண்ட் தந்த ஊக்கத்தில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்ப் பயிற்சி பெற்றுத் திரும்பினார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. பின்னால், 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூர் போன ஆய்க்குடி இளைஞர் ராமகிருஷ்ணன், உடல் பரீட்சையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-ல் அவர் தொடங்கிய அமர் சேவா சங்கம், தென்காசிப் பக்கத்தில் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு வழி காட்டியிருக்கிறது. இவர்களை யாரும் சாமான் என்று நினைக்க முடியுமா? ஆனால் இவர்களுக்கும் வண்டியின் படி அதே படிதான்.

இதற்கிடையில் நம் கடைத்தெருக்களில் அதிகம் தென்பட்டது சக்கர நாற்காலிகூட இல்லை. கையால் சுற்றும் மூன்று சக்கர சைக்கிள். இளம்பிள்ளை வாதம் நாட்டை ஆட்டிவைத்த காலம் அது. 1972-ல் கான்பூரில் மத்திய அரசு அங்கங்கள் செய்கிற கம்பெனி ஒன்றைத் தொடங்கியது. மாவட்டந்தோறும் விழா வைத்து, மந்திரிகள் அந்தச் சைக்கிள்களை வழங்கிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நல்ல காரியந்தான். ஊருக்குள் அது ஓடும். ஸ்டேஷன் வாசல் வரையில் வரும். அதற்குமேல் சைக்கிள் பார்சலில் போகவேண்டும். ஆள் தவழ்ந்து ஏறவேண்டும்.

சாமான் என்ற சொல் வெறும் உவமை இல்லை என்றேன். இங்கிலாந்தில், ரயிலைக் கண்டுபிடித்த அந்தத் தேசத்திலேயே, 1970-களிலும் அதற்குப் பிறகும்கூட, சக்கர நாற்காலியில் வருகிற பிரயாணியை கார்டு வண்டியில்தான் ஏற்றினார்கள். தபால் மூட்டை, சைக்கிள், நாய்க்கூண்டு, அவற்றுக்கு நடுவில் ஒரு மனிதர் அல்லது மனுஷி. குளிர்காலத்தில் கணப்பு இல்லை, ஜன்னல் இல்லை. டிக்கெட் மட்டும் உண்டு. அங்கே உடல் ஊனமுற்றவர்கள் வருஷக்கணக்காகச் சத்தம் போட்ட பிறகு 1995-ல் சட்டம் வந்தது, 1998-ல் ரயில் பெட்டிகளுக்கு விதிகள் வந்தன, 2020 ஜனவரி முதல் தேதிக்குள் எல்லா வண்டியும் சீராகவேண்டும் என்று கெடு வைத்தார்கள்.

நம் நாட்டில் என்ன செய்தார்கள்? எக்ஸ்பிரஸ் வண்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒரு பகுதி ஒதுக்கினார்கள். அகலமான கதவு, அகலமான இடைவெளி, நாற்காலி நுழையும் கழிவறை. யோசனை நல்லது. ஆனால் அதை எங்கே வைத்தார்கள்? கார்டு இருக்கிற, சாமான் அறை இருக்கிற அதே பெட்டியில். அந்தப் பெட்டிக்கு ரயில்வே வைத்திருக்கிற பெயர் எஸ்.எல்.ஆர்.டி. அதில் 'எல்' என்பது லக்கேஜுக்கு, 'டி' என்பது ஊனமுற்றவருக்கு. சாமான் முந்திக்கொண்டது, ஆள் கடைசியில் நிற்கிறார்.

பெயரை விடுங்கள், அது ஆபீஸ் விவகாரம். அந்தப் பெட்டி வண்டியின் ஒரு கோடியில் மாட்டப்படுவதுதான் உண்மையான சங்கடம். வண்டி நீளம், பிளாட்பாரம் குட்டை என்றால், கடைசிப் பெட்டி எங்கே நிற்கும் என்று சொல்லவேண்டியதில்லை. கூரை முடிந்து, விளக்கு முடிந்து, சில ஊர்களில் பிளாட்பாரமே முடிந்து, ஜல்லிக் கல்லின்மேல் நிற்கும். எந்த ஊர் என்று நான் சொல்லப்போவதில்லை. ஒரு பெரிய சந்திப்பில்கூட அல்ல, நடுத்தரமான ஸ்டேஷனில், அன்று சாயங்காலம் நாங்கள் அப்படி மாட்டிக்கொண்டோம். வண்டி பழுதாகி, எல்லோரையும் இறங்கி வேறு வண்டிக்கு மாறச் சொன்னார்கள். எங்கள் கதவுக்குக் கீழே பிளாட்பாரம் இல்லை. நாற்காலியை முதலில் இறக்கினோம். பிறகு அவரை ஒருவர் அக்குளில் கைகொடுத்தும் ஒருவர் முழங்காலுக்கு அடியில் பிடித்தும் கற்களின்மேல் இறக்கினார்கள். கல்லில் அவருடைய குதிகால் உராய்ந்து தோல் கிழிந்தது. அவருக்கு வலி தெரியாது. ஆகவே எங்களுக்கும் தெரியவில்லை. இரவு வீட்டில் அவருடைய மனைவி காலுறையைக் கழற்றும்போதுதான் ரத்தத்தைப் பார்த்தார். உணர்ச்சியற்ற காலில் புண் வந்தால் ஆற மாதக்கணக்காகும். ஆறாமலும் போகும். அந்தத் தடவை ஆறிற்று.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. அகல ரயில் பாதையில், உயரமான பிளாட்பாரம் என்று ரயில்வே சொல்வது தண்டவாளத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர் வரை. பெட்டியின் தளமோ சுமார் 1300 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆக, இருப்பதில் மிக உயர்ந்த பிளாட்பாரத்தில் நின்றாலும் இன்னும் அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஏறவேண்டும், முழங்கால் உயரம். 2007-ல் எங்கள் பாதை மீட்டர் கேஜிலிருந்து அகலப் பாதையாக மாறியது. தண்டவாளங்களுக்கு நடுவே இருந்த ஒரு மீட்டர், 1676 மில்லிமீட்டராக விரிந்தது. அதற்காகப் பாலங்களைப் புதுப்பித்தார்கள், ஸ்டேஷன்களைத் திருத்தினார்கள். படுக்கையான அளவெல்லாம் மாறியது. நெட்டுக்குத்தான அந்த முழங்கால் உயரம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை.

பிளாட்பாரத்தை ஏன் பெட்டித் தளத்துக்குச் சமமாக உயர்த்தக் கூடாது என்று கேட்டால், அதே தண்டவாளத்தில் அகலமான சரக்கு வண்டிகளும் போகவேண்டும், உரசும் என்று எஞ்சினீயர்கள் பதில் சொல்லுவார்கள். நியாயமான பதில். சரக்கு தடையில்லாமல் போகவேண்டும் என்பதற்காக ஆள் ஏறமுடியாமல் நிற்கிறார் என்பது அதன் இன்னொரு பக்கம். சரக்கு வண்டி ஓடாத பாதையில் இந்தக் கஷ்டம் இல்லை. 2015-ல் சென்னையில் மெட்ரோ ரயில் ஓட ஆரம்பித்தது. கோயம்பேட்டில் நாற்காலியில் இருப்பவர் லிஃப்டில் ஏறி, பிளாட்பாரத்திலிருந்து நேரே வண்டிக்குள் உருண்டு போகிறார். யாருடைய கையும் அவர்மேல் படுவதில்லை. நண்பரை ஒரு தடவை அங்கே அழைத்துப்போனேன். ஏறி, அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, மறுபடி ஏறி, மறுபடி இறங்கினார். ஐந்து முறை. டிக்கெட் பரிசோதிக்கிறவர் யாராவது வந்திருந்தால் எங்களைச் சந்தேகப்பட்டிருப்பார்.

சட்டத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1990 மார்ச் மாதம் அமெரிக்காவில், நடக்க முடியாத பலர் தங்கள் நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் கீழே விட்டுவிட்டு, வாஷிங்டனில் பாராளுமன்றக் கட்டடத்தின் படிகளில் கையூன்றித் தவழ்ந்து ஏறினார்கள். எங்களுக்கு இப்படித்தான் எல்லாப் படியும் என்று காட்டினார்கள். அந்த ஜூலையிலேயே சட்டம் கையெழுத்தாயிற்று. ஐந்து வருஷத்துக்குள் ஒவ்வொரு ரயிலிலும் குறைந்தது ஒரு பெட்டியாவது நாற்காலிக்காரர் ஏறத்தக்கதாக இருக்கவேண்டும் என்று அதில் கெடு இருந்தது.

நம் சட்டம் 1995-ல் வந்தது. அதன் 44-வது பிரிவில் ரயில் பெட்டிகளையும் அவற்றின் கழிவறைகளையும் சக்கர நாற்காலிக்குத் தக்கபடி அமைக்கவேண்டும் என்று தெளிவாகவே எழுதினார்கள். எழுதிவிட்டு, 'பொருளாதார சக்திக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு' என்ற பொருளில் ஒரு வாலையும் சேர்த்தார்கள். நான் கதை எழுதுகிறவன். சட்டம் படித்தவன் அல்ல. ஆனால் வாக்கியத்தின் எந்த இடத்தில் உயிர் இருக்கிறது என்று பார்க்கத் தெரியும். 'உன் கடனைத் தீர்ப்பேன், கையில் பணம் இருந்தால்' என்று ஒருவன் சொன்னால், கடன் கொடுத்தவன் முதல் பாதியைக் கேட்டுச் சந்தோஷப்படமாட்டான். 2016-ல் வந்த புதுச் சட்டமும், பழைய வாகனங்களைத் திருத்தவேண்டும் என்று சொல்லிவிட்டு, தொழில்நுட்பத்துக்கு இடங்கொடுத்தால், செலவு கட்டுபடியானால், அமைப்பில் பெரிய மாறுதல் வேண்டாமானால் என்று மூன்று வால்களை ஒட்டியது.

விமானத்தில் வழி முன்பே திறந்துவிட்டது. ஜாவேத் ஆபிதி என்ற டில்லிக்காரர், தாமே நாற்காலியில் இயங்கியவர், சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய் 1998-ல் விமானப் பிரயாணத்துக்கு வேண்டிய வசதிகளைப் பற்றி உத்தரவு வாங்கினார். ரயிலுக்கு அவ்வளவு அதிர்ஷ்டம் இல்லை. ராஜீவ் ரதூரி என்ற பார்வையற்றவர் 2005-ல் போட்ட மனுவில், சாலை, கட்டடம், போக்குவரத்து எல்லாவற்றையும் பற்றி 2017 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. 2024 நவம்பரில் அதே வழக்கில் கோர்ட்டு, அணுகும் வசதி பற்றிய விதிகள் வெறும் யோசனைகளாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று சொல்லி, மூன்று மாதத்துக்குள் வகுக்கும்படி சர்க்காருக்கு உத்தரவிட்டது. மனுப் போட்ட நாளிலிருந்து பத்தொன்பது வருஷம்.

கோர்ட்டுக் கதையைவிட எனக்கு மனத்தில் தைத்தது 2017-ல் நடந்த வேறு ஒன்று. விராலி மோடி என்ற பம்பாய்ப் பெண், சக்கர நாற்காலியில் இருப்பவர், ரயில்வே மந்திரிக்குப் பகிரங்கமாக ஒரு விண்ணப்பம் எழுதினார். தம்மை வண்டியில் தூக்கி ஏற்றிய போர்ட்டர்கள் தகாத இடத்தில் கைவைத்தார்கள், ஒரு தடவை அல்ல, மூன்று தடவை என்று எழுதினார். லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அதில் கையெழுத்திட்டார்கள். அதன் பிறகு எர்ணாகுளம் ஸ்டேஷனில் எடுத்துப்போகக்கூடிய சாய்தளமும், பெட்டிக்குள் நடைபாதையில் செல்லக்கூடிய ஒடுக்கமான நாற்காலியும் வைத்தார்கள். வேறு சில ஸ்டேஷன்களும் பின்பற்றின. ஒரு பலகை, இரண்டு கொக்கி. பரமக்குடித் தச்சர் ஒருவர் ஒரு நாளில் செய்துவிடக்கூடிய காரியம்.

அந்த விண்ணப்பத்தைப் படித்தபோதுதான், முதல்நாள் எங்கள் ஸ்டேஷனில் 'யாருடைய கை எங்கே பட்டது' என்று நாங்கள் கவலைப்படாமல் இருந்தது எனக்கு உறைத்தது. நாங்கள் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்ல. டீக்கடைப் பையன் பாதி டம்ளரை வைத்துவிட்டு ஓடிவந்தான். ஆனாலும் நாங்கள் அவரைக் கேட்கவில்லை. மூட்டையை எப்படித் தூக்கவேண்டும் என்று மூட்டையை யார் கேட்பார்கள்? 'முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்டதுபோல' என்று பழமொழி வேறு வைத்திருக்கிறோம். தேனைக் கொம்பில் வைத்தது தேனீ. மதுரை வண்டியை அந்த உயரத்தில் வைத்தது மனிதர்கள்.

2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலம் திறந்தார்கள். ஷெர்ஸரின் இரண்டு கைகளுக்குப் பதிலாக, 72.5 மீட்டர் நீளமுள்ள இரும்புப் பாலத்துண்டு அப்படியே நேராக 17 மீட்டர் மேலே எழும்புகிறது. கப்பல் போனதும் இறங்குகிறது. நெம்புகோல் சுற்ற ஆள் வேண்டாம், மின்சாரம் செய்கிறது. அது எழும்புவதை நண்பரோடு போய்ப் பார்த்தேன். சாலைப் பாலத்தின்மேல் காரை நிறுத்தி, உள்ளே இருந்தபடியே அவர் பார்த்தார். டிசைன் போடுகிறவர் அல்லவா, வெகு நேரம் கண்ணை எடுக்கவில்லை. "என்ன அழகா ஏறுது பாருங்கண்ணே" என்றார். நான் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தேன்; அவர் பாலத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார் என்று நம்புகிறேன்.

குதிகால் புண் ஆறிய பிறகு மறுபடியும் மதுரைப் பிரயாணம். தம்பியும் வந்திருந்தார், நானும் போனேன். டீக்கடைப் பையன் எங்களைப் பார்த்ததுமே கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டான். வண்டி நின்றது. நாங்கள் குனிந்தோம்.

"இருங்க" என்றார் நண்பர்.

நாற்காலியின் பிரேக்கைப் போட்டார். கால் பட்டையை இறுக்கினார். தம்பியைப் பின்னால் போகச் சொன்னார். பையனை இடது சக்கரச் சட்டத்தைக் காட்டி, "இங்க பிடி, சக்கரத்தைத் தொடாதே" என்றார். என்னை வலது பக்கம் நிற்கச் சொன்னார். கார்டு பச்சைக் கொடியை கையில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தபடி நின்றார். அவசரமாக ஓடிவந்த ஒரு பிரயாணி தானாகவே முன்னால் கையை நீட்டினார். "நீங்க வேண்டாம் சார், ரொம்ப நன்றி" என்று அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார்.

பிறகு சௌராஷ்டிர மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். மூன்று வந்த பிறகுதான் தூக்கினோம்.